மாத்திரைக்குள் வந்த அம்மா

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வராது. எங்கள் குடும்பத்தில் அந்த இலாகா என்னிடம் இருந்தது. சித்தூரில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் புக்கிங் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்க ஜனங்களிடம் திட்டு வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "இன்னிக்கு ஜனம் ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லிச் சட்டையைக் கழற்றி மாட்டுவார். நான் அப்படி இல்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பிரிவில் டீச்சர். வகுப்பில் ஒருத்தி ஒரு ஒற்றெழுத்தை விட்டுவிட்டால் கூட, வீட்டுக்கு வந்து உலை வைக்கும்வரை முணுமுணுப்பேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று டீக்கடைகளில் ஆளுக்கொரு கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். என் நைனாவின், அதாவது அப்பாவின், ஊர் வரதய்யபாளையம் பக்கம். அப்போது அது மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த சித்தூர் ஆந்திராவில். சில வருஷம் கழித்து நைனாவின் ஊரும் என் பின்னாலேயே ஆந்திராவுக்கு வந்து சேர்ந்தது. இந்த இழுபறியில் என் வேலைதான் நடுவில் தொங்கியது. தமிழ் சொல்லிக்கொடுக்கிற டீச்சராக இருந்தாலும் தெலுங்குப் பரீட்சை தேறினால்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தடவை எழுதித் தோற்றிருந்தேன். கோடை விடுமுறையில் திருப்பதியில் மறுபடி பரீட்சை. அதிலும் தவறினால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். கரும்பலகைக்கு முன்னால் நிற்பதைப் போல எனக்கு வேறு எதுவும் பிடித்ததில்லை. அதை விட்டுவிடச் சொன்னால் நான் என்ன ஆவேன் என்று அவருக்குத் தெரியும்.

அதனால் அவரே எனக்கு வாத்தியார் ஆனார். தெலுங்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் பேச்சில்தான். எழுத்தில் அவர் படித்ததெல்லாம் பஸ் பலகைகள். புத்தலப்பட்டு, பங்காருபாளையம், சந்திரகிரி என்று கம்பெனி பஸ்கள் போகும் ஊர்களை ஒவ்வொன்றாகத் தெலுங்கில் எழுதிக் காட்டுவார். தெலுங்கு எழுத்தின் மேல் சின்னதாக ஒரு கொண்டை மாதிரி போட வேண்டும், தலக்கட்டு என்பார்கள். நான் அதை மறந்துவிடுவேன். "உங்க ஊரு எழுத்துக்குத் தலையே இல்ல மே, இத்துக்காவது ஒரு தொப்பி வையேன்" என்று கெஞ்சுவார். மே என்றால் எங்கள் பக்கத்தில் அடியே மாதிரி.

பங்குனியில் ஒரு நாள் கிணற்றடியில் பாசி வழுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். இடுப்பில் பிடித்த வலி வலது காலின் சுண்டுவிரல் வரை கம்பி இழுத்தது. உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அவர் பஸ் ஸ்டாண்டு ஜட்கா வண்டி ஒன்றில் என்னைக் குப்புறப் படுக்கவைத்து டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்பு உடையவில்லை, நரம்பு நசுங்கியிருக்கிறது, ஓய்வெடுக்க வேண்டும் என்றார். வலி பொறுக்காவிட்டால் போட்டுக்கொள்ள வெள்ளை மாத்திரை கொடுத்தார். அபினிச் சத்து உள்ளது, தூக்கம் வரும், மலம் இறுகும், வேறு ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் உடனே வந்து சொல்லுங்கள் என்றும் சொல்லித்தான் அனுப்பினார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அந்த மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் மாத்திரை இறங்கிக் கொஞ்ச நேரத்தில் வலி எங்கோ பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தேனாம். "நீ காரணமில்லாம சிரிச்சதப் பாத்து நான் பயந்துட்டேன்" என்று பிற்பாடு சொன்னார்.

ஆனால் இனாமாக எதுவும் வராது. வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தபோதே நின்றபடி தூங்கி, மேஜைமேல் சாய்ந்தேன். பிள்ளைகள் நான் எழுந்திருக்கும்வரை அதே வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு பயம் என்னிடம். தெலுங்குப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. வாய் வறண்டது. எல்லாவற்றையும்விட, காலைக்கடன் என்பது கடனாகவே நின்றுவிட்டது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அவர் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். விளக்கெண்ணெயைப் பாலில் ஊற்றி நீட்டுவார். முருங்கைக்கீரையைத் தானே ஆய்ந்து வதக்குவார். பங்காருபாளையம் வண்டி ஓட்டும் டிரைவர் ஒருவரிடம் சொல்லி முதல் பறிப்பு மாம்பழம் ஒரு கூடை வரவழைத்து, "துன்னு, துன்னு, நாரு கீது" என்று உரித்துக் கொடுப்பார். தினமும் நான் பின்கட்டிலிருந்து திரும்பும்போது வாசலில் நின்று, வாயால் கேட்காமல் புருவத்தை மட்டும் தூக்குவார். நான் முறைப்பேன். ஒரு நாள் நான் தலையை ஆட்டியதும், பஸ்ஸே ஓட ஆரம்பித்தது போல அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

பள்ளிக்கூடம் கோடைக்கு மூடிய வாரம் அரிப்பு ஆரம்பித்தது. முதலில் மூக்கு. பிறகு கழுத்து, முதுகு, உள்ளங்கை. சொறிந்த இடமெல்லாம் சிவந்து தடித்தது. வீட்டுக்காரம்மா, அதாவது நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி, எட்டிப் பார்த்தாள். தெலுங்குக்காரி, தமிழும் பேசுவாள், பாதியில் தன் பாஷைக்கு ஓடிவிடுவாள். என் கையைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தல்லி வந்துட்டா! ஜாத்திரை மாசம், வெயில் மாசம், இதுல மாம்பழம் வேற துன்னு கீறே. மந்து வத்தும்மா, மந்து வத்து!"

தல்லி என்றால் அம்மா, மந்து என்றால் மருந்து, வத்து என்றால் வேண்டாம். அம்மை போட்டிருக்கும்போது எங்கள் பக்கத்தில் மருந்தைத் தொடக்கூடாது. அம்மா விருந்தாளியாக வந்திருக்கிறாள். டாக்டரைக் கூப்பிடுவது அவளை வெளியே போ என்று சொல்வதற்குச் சமம். அடுப்பில் தாளிக்கக்கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. வாசலில் வேப்பிலை. மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிகிறவரை நோயாளி படி தாண்டக்கூடாது. "முத்து ஒண்ணும் காணோமே" என்று நான் கேட்டதற்கு, "உள்ளாறவே விளையாடறா, அது இன்னும் மோசம்" என்றாள்.

அவள் சொல்லி முடிக்கும்வரை கூட என் வீட்டுக்காரர் காத்திருக்கவில்லை. முகம் வெளுத்துப் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடி ஒரு வேப்பமரத்தையே கொண்டுவந்துவிட்டார். அரைத்த மஞ்சளும் வேப்பிலையும் பூசியதில் அரிப்புக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் மாத்திரை நின்றுபோனது. பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்த வலி சொந்தக்காரியைப் போல உரிமையோடு திரும்பி வந்தது. மத்தியானம் தாங்க முடியாமல் அலமாரியைத் தடவினேன். மாத்திரைப் புட்டி இல்லை.

"எங்கங்க வச்சீங்க?"

அவர் வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டே இருந்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். உசுரு போவுது."

"குடுக்க மாட்டேன். திட்டிக்கோ. அம்மா போவட்டும்."

திட்டினேன். எனக்குத் தெரிந்த தமிழ் அத்தனையும் திட்டாகிப் போன மத்தியானம் அது. புக்கிங் ஜன்னலில் கேட்டுப் பழகிய காது, அசையவே இல்லை. எதற்கும் விட்டுக்கொடுக்கிற மனிதர் இதில் மட்டும் ஏன் கல்லாக நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. என்மேல் பிரியமே இல்லை என்று கூட அழுதேன். அதற்கு மட்டும் அவர் கண் கலங்கியது.

ஓரிரண்டு நாளில் அரிப்பு அடங்கியது. தடிப்பெல்லாம் மறைந்தது. அம்மா சீக்கிரம் இறங்கிவிட்டாள் என்று வீட்டுக்காரம்மாவுக்குப் பெருமை, தானே அனுப்பிவைத்தது போல. முதல் தண்ணீர் ஊற்றினார்கள். சடங்கு முடிந்ததும் அவரே புட்டியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருந்தாராம், அரிசி ஒட்டியிருந்தது. ஆசையாக ஒன்றை விழுங்கினேன். வலி இறங்கியது. அதே மத்தியானம் மூக்கு அரித்தது.

பிறகு கழுத்து. பிறகு முதுகு.

அவர் அரிவாளைத் தேடிப் போனார். வீட்டுக்காரம்மா, ஒரு தண்ணீரோடு மருந்தைத் தொட்டதால் அம்மா கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டாள் என்று தீர்ப்புச் சொன்னாள். மறுபடி முதலிலிருந்து மூன்று தண்ணீர். கணக்குப் பார்த்தால் திருப்பதிப் பரீட்சை அதற்குள் போய்விடும். அம்மை போட்டவளைப் பரீட்சை ஹாலுக்குள் விடவும் மாட்டார்கள்.

நான் படுத்தபடியே யோசித்தேன். கோபம் வந்தால் எனக்குப் புத்தி தெளியும். மாத்திரை போட்டால் அம்மா வருகிறாள். நிறுத்தினால் போகிறாள். மறுபடி போட்டால் மறுபடி வருகிறாள். பஸ் கூட இவ்வளவு சரியாக நேரத்துக்கு வராது.

"அந்த அரிவாள கீழ வைங்க" என்றேன். "இந்த அம்மா கோயில்ல இருந்து வரல. அந்தப் புட்டிக்குள்ள இருந்து வர்றா."

"அப்படிலாம் சொல்லாத மே." அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வாயக் கழுவு."

"டாக்டர் இன்னா சொன்னாரு? ஒத்துக்காம போனா வந்து சொல்லுங்கன்னாரா இல்லியா? போய்ச் சொல்லுங்க."

"அம்மா வீட்ல இருக்கும்போது டாக்டர் வீட்டுக்கா? நான் போவ மாட்டேன்."

"அப்ப பரீட்ச?"

அவர் தரையில் உட்கார்ந்தார். வேப்பிலையை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டே, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். அவருக்கு ஓர் அக்கா இருந்தாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே பெரியம்மை போட்டுப் போய்விட்டாள். அம்மா மேலே இருக்கும்போது யாரோ அவளுக்கு மருந்து கொடுத்துவிட்டார்கள், அதனால்தான் போனாள். அவ்வளவுதான் சொன்னார். அக்கா ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவர் வீட்டில் யாரும் அவள் பேச்சை எடுத்ததில்லை.

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. புட்டியை ஏன் ஒளித்தார் என்று புரிந்தது. அரிசிக்குள் புதைத்தது மாத்திரையை அல்ல, என்னை இழந்துவிடுவோமோ என்ற பயத்தை. அரித்துக்கொண்டிருந்த கையாலேயே அவர் தலையைத் தொட்டேன்.

"எனக்கு ஒண்ணும் ஆவாது. நீங்க போனாத்தான் எனக்குச் சரியாவும். எனக்கோசரம் போங்க."

அவர் எழுந்தார். வாசலில் கட்டியிருந்த வேப்பிலைக்குக் கீழே கொஞ்சநேரம் நின்றார். பிறகு செருப்புப் போடாமலே போனார். டாக்டர் வீடு ரொம்ப தூரம் இல்லை, ஆனால் அவர் திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று. கையில் பவுடர்ப் பொட்டலங்கள். முகம் அழுதது போல இருந்தது, ஆனால் அழுத முகத்தில் இருக்கிற பாரம் இல்லை.

"நீ சொன்னதுதான். மாத்திர ஒத்துக்கல. சில பேருக்கு இப்படி அரிக்குமாம். இனிமே அத்தத் தொடக்கூடாதாம்." புட்டியை எடுத்துக் கிணற்றடிக்குப் போய்க் கொட்டிவிட்டு வந்தார். "இந்தப் பவுடர வயிறு நிறைய சாப்ட்டுத்தான் சாப்பிடணும். வெறும் வயித்துல போனா குடலைச் சுட்ருமாம். காது இரையுமாம். கருப்பா வெளிக்குப் போனா உடனே வரச்சொன்னாரு."

"இம்மாம் நேரம் இதத்தான் பேசினாரா?"

"ஆமா" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது. காது மடல் சிவந்துவிடும். சிவந்திருந்தது. நான் கேட்காமல் விட்டேன்.

பவுடர் பழைய மாத்திரையைப் போல வலியை ஊர் கடத்தவில்லை. சட்டமாக உட்கார்ந்திருந்த வலியைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னது, அவ்வளவுதான். ஆனால் தூக்கம் போனது, எழுத்துகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன. தலக்கட்டெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்குள் மட்டும் யாரோ ஓயாமல் மாவரைத்தார்கள். தயிர்சாதம் இல்லாமல் பவுடரைத் தொட விடமாட்டார், நான் இரண்டு கவளம் குறைத்தாலும் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வீட்டுக்காரம்மா மட்டும் எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். வாசலில் வேப்பிலையை அவிழ்த்தபோது, "எவரி மீத பாரம் வேஸ்தாரோ" என்று பெருமூச்சு விட்டாள். யார் தலைமேல் இந்தப் பாரம் விழுமோ என்று அர்த்தம்.

பரீட்சை நாளன்று திருப்பதியில், அம்மைக்கு அம்மாவான கங்கம்மாவின் ஜாத்திரை நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் அவர் இரண்டு தலையணை, தயிர்சாதத் தூக்கு, தண்ணீர்ச் செம்பு, பவுடர் எல்லாவற்றோடும் ஏறினார். டிரைவரிடம் என்ன சொன்னாரோ, புத்தலப்பட்டு தாண்டும்வரை வண்டி பள்ளத்தையெல்லாம் தவிர்த்துத் தவிர்த்துப் போனது. பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலில் எனக்குச் சாதம் ஊட்டாத குறையாகக் கொடுத்து, பவுடரைக் கரைத்து, உள்ளே அனுப்பினார்.

பாதி நேரம் உட்கார்ந்தும், பாதி நேரம் சூப்பர்வைசர் அனுமதியோடு ஜன்னல் கட்டையில் தாளை வைத்து நின்றும் எழுதினேன். சொல்லச்சொல்ல எழுதும் பகுதியில் மாவரைக்கிற சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கினேன். கட்டுரைக்கு ஒரு பிரயாணத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தூரிலிருந்து புறப்பட்ட பஸ்ஸை ஊர் ஊராக நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பெயர்கள் அவைதானே. பங்காருபாளையம் அந்த வழியிலேயே இல்லை. இருந்தாலும் எழுத வந்ததை விடுவானேன் என்று பஸ்ஸை அங்கேயும் ஒரு சுற்று விட்டு வந்தேன். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், தேறிவிட்டேன். தலை நரைத்து ரிடையர் ஆகும்வரை கரும்பலகையை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை.

வெளியே வந்தபோது சொன்ன இடத்தில், புங்கமரத்தடியில், அவர் இல்லை. தலையணைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். என் நீலப் புடவை. நெற்றி நிறையக் குங்குமம், கையில் வளையல், தலையில் மல்லிகைச் சரம். முகத்தில் முழு மீசை.

கங்கம்மாவுக்கு வேண்டிக்கொண்ட ஆண்கள் ஜாத்திரையில் பெண்வேஷம் கட்டுவது திருப்பதியில் வழக்கம்தான். தெருவில் அன்று அப்படி எத்தனையோ பேர். ஆனால் கடைக்குப் போய் எனக்கு ரவிக்கைத் துணி கேட்கவே வெட்கப்படும் மனிதர் இவர். நான் சிரித்த சிரிப்பில் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"இன்னாத்துக்குங்க இது?"

"நீ அம்மாவ புட்டிக்குள்ள கீறான்னு சொன்ன இல்ல. நீ சொன்னது நெசந்தான். ஆனாலும் ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுறலாம்னு." முந்தானையை இடுப்பில் செருகத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். "சித்தூர் போய்ச் சேர்ற வரைக்கும் அவுக்கக்கூடாது."

பஸ் ஸ்டாண்டில் அவருடைய கம்பெனி ஆட்கள் விடுவார்களா? கண்டக்டர் "அண்ணி, உள்ள வாங்க" என்று கைகொடுத்து ஏற்றினான். டிரைவர் திரும்பிப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். ஆனால் ஒரு நன்மை, பெண்கள் சீட்டில் என் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். வண்டி ஊரைத் தாண்டியதும் அவர் குனிந்து வளையல்களைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்கு டாக்டர் கிட்ட உன்னப் பத்தி சீக்கிரமே சொல்லிட்டேன். மீதி நேரம் வேற கேட்டேன்."

"இன்னா கேட்டீங்க?"

"எங்க அக்காவுக்கு மருந்து குடுத்தது நான்தான் மே. ஒடம்பெல்லாம் எரியுதுடா, எதனா குடுடான்னு என் கையப் புடிச்சினு அழுதா. நைனாவோட தலவலி பவுடர் ஒண்ணு இருந்துச்சு. யாருக்கும் தெரியாம தண்ணில கரைச்சுக் குடுத்தேன். மறாநாள் போய்ட்டா." வளையலை மேலும் கீழும் தள்ளினார். "நான்தான் சாவடிச்சேன்னு நெனச்சுக்கினே இருந்தேன். இத்தினி வருஷமும். டாக்டர் கிட்ட கேட்டேன், அந்த ஒரு பவுடர்ல செத்துருப்பாளான்னு."

"அவரு?"

"இல்லப்பான்னாரு. அம்மை முத்திப்போச்சு, அதனாலதான் போயிருப்பா. அந்த ஒரு பவுடரால இல்லன்னாரு. எரிச்சல் கொஞ்சம் அடங்கியிருக்கும், உங்க அக்கா உனக்கு நன்றிதான் சொல்லியிருப்பான்னாரு." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குங்குமம் மூக்கு வரை இழுபட்டது. "ரெண்டு தரம் கேட்டேன். ரெண்டு தரமும் அதத்தான் சொன்னாரு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பெண்கள் சீட்டில் இரண்டு பெண்கள் கைகோத்துக்கொண்டு போவதை யாரும் கவனிக்கவில்லை. "அக்கா எப்படி இருப்பாங்க?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான், மனிதர் திறந்துகொண்டார். அக்கா மரமேறிப் புளியம்பழம் உலுக்கியது, இவருக்குப் பதிலாகப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் போய்ச் சண்டைபோட்டது, என்னைப் போலவே அவளுக்கும் மூக்குமேல் கோபம் வந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சிரித்துச் சிரித்துச் சொன்னார். அவள் பெயரை நான்கைந்து தடவை சொன்னார். அவர் அதுவரை அதை யாரிடமும் உச்சரித்ததில்லை.

பவுடர் சாப்பிடும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வலி காலில் கம்பி இழுத்தது. பொட்டலம் அவர் மடியில், தூக்குப் பக்கத்தில் இருந்தது. கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுச் சாதத்தைப் பிசைய ஆரம்பித்துவிடுவார். சித்தூர் வரும்வரை நான் கேட்கவில்லை.